ஏறின கணக்கு இறங்கி வருமா?

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் தொடக்கப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், வராந்தாச் சுவரில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கல். அங்கே படித்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர், போன வருடம் பத்து டேப்லெட்டும் பிள்ளைகளின் கற்றலைத் தொடர்ந்து கவனிக்கும் மென்பொருள் ஒன்றும் வாங்கித் தருவதாகச் சொன்னார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலை பாத்தவுக. இது எங்களுக்கு வேணுமா வேணாமான்னு பாத்துச் சொல்லுங்க. எமிஸ்ல ஏத்துறதுக்கே இங்க நேரம் பத்தலை."

அந்தக் கேள்விக்காகப் படித்ததையும், அந்த வகுப்பறையில் சில நாள் உட்கார்ந்து பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம். பள்ளிக்குள் வரும் எந்தக் கணினி முறையையும் 'எமிஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மாநிலப் பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸ் அடிப்படையில் ஆள் கணக்கு. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, இன்று வந்ததா வரவில்லையா, புத்தகமும் பையும் கிடைத்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பிள்ளை ஊர் மாறினால் பழைய பள்ளி அதன் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் விட வேண்டும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் முழுக்க, "காமன் பூல்ல விட்டாச்சா டீச்சர்?" என்று தேவகோட்டைக்கும் புதுவயலுக்கும் போன் பறந்துகொண்டிருக்கும். நாடு முழுமைக்குமான பள்ளிக் கணக்கெடுப்பான யுடைஸும் இதே வகைதான். 1990களில் டைஸ் என்று தொடங்கி, 2012-13இல் யுடைஸ் ஆனது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் கொடுத்து, கழிப்பறை எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர் என்று எண்ணுகிறது. இந்தக் கணக்குகள் தேவைதான். ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க வருகிறதா என்பதை இவற்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

மார்க் பதிவும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தபோது வகுப்பில் அவ்வப்போது நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். ஒரு பிள்ளை 60க்கு 31 வாங்கியது என்றால் போன 29 எங்கே போனது? எழுத்துப் பிழையிலா, வகுத்தலிலா, கேள்வியே புரியாமலா? மார்க் அதைச் சொல்லாது. அதைச் சொல்ல முயல்வதுதான் கற்றலைத் தொடரும் முறை. எந்தத் திறன் வந்திருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, எது இன்னும் தொடங்கவே இல்லை என்று பிள்ளைவாரியாகப் பார்ப்பது அது.

இதற்குக் கணினி வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருபது வருடங்களுக்கு முன்பே தமிழ்நாட்டில் இது அட்டையிலும் சார்ட்டிலும் நடந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது; 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. கற்றல் ஏணி என்று ஒன்று சுவரில் இருக்கும். படிக்குப் படி ஒரு சின்னம். பிள்ளை தன் படிக்கு உரிய அட்டையைத் தானே எடுத்து, முடித்து, அடுத்த படிக்குப் போகும். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது அடைவு அட்டவணையில் தெரியும். அந்த ஏணியைப் பற்றி ஆயிரம் குறை சொன்னார்கள்; அட்டை கிழிந்தது, தொலைந்தது, மேல்வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் திணறினார்கள் என்றார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. தான் எங்கே நிற்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள யாருடைய பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை.

2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது ஏணி மறைந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வந்தன. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆசிரியர் செயலியில் மதிப்பிட்டுப் பதிகிறார். பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அரும்பு என்றால் கீழ்நிலை என்று எந்தப் பிள்ளைக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, ஒரு பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் ஒரு திறனோடு முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு தவறான விடையையும் ஒரு காரணத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். இரண்டாவது முடிச்சில்தான் நல்ல மென்பொருளுக்கும் வெற்று வினாடி வினாவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

மூன்றாம் வகுப்புக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். விடை 25. ஒரு பையன் 35 என்று எழுதுகிறான். ஏன்? ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், திருப்பிப் போட்டு 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கலாம், 5 வரும். பத்தாம் இடத்தில் 5இல் 2 போனால் 3. ஆக 35. இன்னொரு பெண்ணும் 35 என்றே எழுதுகிறாள். அவளுக்குக் கடன் வாங்கத் தெரியும். 12இலிருந்து 7ஐக் கழித்து 5 என்று சரியாகவே எழுதினாள். ஆனால் கடன் கொடுத்த 5ஐ 4 ஆக்க மறந்துவிட்டாள். கடன் வாங்கியதைக் கணக்கில் எழுதாமல் விடுவது! இந்த ஊரில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

இருவர் தாளிலும் ஒரே 35தான், ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு. பையனுக்குக் குச்சிக்கட்டை வைத்து, பத்தைப் பிரித்துக் காட்டி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். பெண்ணுக்கு, கடன் கொடுத்த எண்ணை அடித்துப் பக்கத்தில் புது எண்ணை எழுதும் பழக்கம் வந்தால் போதும். இப்போது கேள்வியை 64இலிருந்து 28 என்று மாற்றுங்கள். சரியான விடை 36. பையன் 44 என்பான், பெண் 46 என்பாள். ஒரே கேள்வியில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள். கேள்வியைத் தயாரித்தவர் இதை யோசித்திருக்கிறாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விற்க வந்த நிறுவனத்தின் மாதிரி வினாத்தொகுப்பை நானும் நான்காம் வகுப்பு ஆசிரியையும் புரட்டினோம். அதில் கழித்தலுக்கான தவறான விடைகளில் பாதி, எந்தப் பிள்ளையும் போட வாய்ப்பே இல்லாத எண்கள். கணினியே தோராயமாகப் போட்டிருக்க வேண்டும். "இது எம்புள்ளைக போடுற தப்பு இல்லையே சார்" என்றார் அவர்.

அடுத்த சிக்கல் குருட்டாம்போக்கு. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும் என்றால், எதுவுமே தெரியாத பிள்ளையும் 20 கேள்விக்குச் சராசரியாக 5 சரியாகப் போட்டுவிடும். தெரிந்த பிள்ளையும் கவனம் சிதறித் தவறாகத் தொடலாம். 1990களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். இன்றைய பல மென்பொருள்களின் அடித்தளத்தில் அந்த யோசனையோ அதன் பிள்ளை பேரனோதான் இருக்கிறது. நான்கு எண்கள் போதும்: அந்தத் திறன் ஏற்கெனவே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு முயற்சியிலும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே சரியாகப் போடும் வாய்ப்பு, தெரிந்தும் தவறவிடும் வாய்ப்பு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பிள்ளைக்குத் தெரிந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, குருட்டாம்போக்குக்கு 25 விழுக்காடு, தவறவிடுவதற்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சரியான விடை வந்ததும், தெரிந்திருக்கும் வாய்ப்பு 50இலிருந்து ஏறக்குறைய 78 ஆகிறது. தவறான விடை வந்தால் 12க்கு இறங்குகிறது. இப்படியே ஒவ்வொரு விடைக்கும் ஏறி இறங்கி, 95ஐத் தாண்டினால் 'கைவந்துவிட்டது' என்று பச்சை காட்டுவது வழக்கம்.

ஆக, திரையில் தெரியும் பச்சையும் சிவப்பும் ஊகம். கணக்குப் போட்டு வந்த ஊகம், ஆனாலும் ஊகம்தான். பெற்றோர் கூட்டத்தில் அதை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி நீட்டக் கூடாது. கேள்வியை வாசிக்கத் தெரியாமல் கணக்கில் சிவப்பு வாங்கும் பிள்ளைகளை வகுப்பில் கண்ணால் பார்த்தேன். ஆசிரியை வாய்விட்டுக் கேட்டால் பட்டென்று விடை வருகிறது. மென்பொருளைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியாது. கேள்வியைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒலி வசதி இருந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். விலைப்பட்டியலில் அது தனிக் கட்டணம் என்று போட்டிருந்தது.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். காசு கொடுத்தால் ஓரளவு நல்லதாகவே வாங்கிவிடலாம். என் கவலை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது, அதைச் சொல்ல இந்த ஊர்க் கணக்கு வழக்கமே எனக்கு வசதி.

இந்த ஊர்ச் செட்டியார்களுக்குப் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடந்த காலத்தில், பையன்களைச் சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாக அனுப்புவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவான். கடல் தாண்டி நடக்கும் கடையின் நிலவரம் ஐந்தொகையாக ஊருக்கு வரும். முதலாளி செட்டிநாட்டு வீட்டு முகப்பில் உட்கார்ந்து அதை வாசிப்பார். வாசித்துவிட்டு அடுக்கி வைக்க மாட்டார். இன்னாருக்கு இனிக் கொடுக்காதே, இந்தப் பாக்கியை அறுப்புக்கு முன்னால் வசூல் பண்ணு என்று பதில் போகும். கணக்கை எழுதியவனே வசூலுக்கும் போனான். எழுதுவதும் வாசிப்பதும் செய்வதும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. பள்ளிக்கூடத்தில் அந்தக் கயிறு அறுந்து கிடக்கிறது. எழுதுவது வகுப்பு ஆசிரியை. வாசிப்பது மாவட்டத்திலோ சென்னையிலோ யாரோ. செய்ய வேண்டியது மறுபடியும் அதே ஆசிரியை, ஆனால் அவருக்கு எந்தப் பதிலும் வருவதில்லை. அவர் ஏற்றியது வட்டாரச் சராசரியாக மாறி, ஆய்வுக் கூட்டத்தில் ஒரு வண்ணப் படமாக அவர் முன்னாலேயே காட்டப்படும்.

இது ஆசிரியர்களின் புலம்பல் மட்டும் இல்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, யார் எதில் பின்தங்கியிருக்கிறார் என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர் கையில் கொடுத்தார்கள். பார்வையாளர் வந்தபோது அந்த ஆசிரியர்கள் கூடுதல் சுறுசுறுப்பாக இருந்தார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் மட்டும் வித்தியாசம் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் இன்னும் பெரிய அளவில், பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன, கோப்பு நிறைந்தது. கற்பித்தலும் கற்றலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மாறாக நடந்த ஆய்வும் உண்டு. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பின் நடந்த மையங்களில் கணினி வழிக் கற்றலைச் சோதித்தபோது, நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2019இல் வெளியான ஆய்வு அது. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அதைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அந்த நிமிடமே அந்தப் பிள்ளை நிற்கும் இடத்துக்கான பாடத்தைக் கொடுத்தது. அதுவும் 45 நிமிடம் கணினி, அடுத்த 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு உதவியாளரோடு. கொரோனாவுக்குப் பிறகு நம் ஊர்களில் நடந்த இல்லம் தேடிக் கல்வியும் இதே பாடத்தையே சொல்கிறது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்பில் கால் பங்கு அளவுக்கு அந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். தெருமுனையில் சாயங்காலம் பாய் விரித்து உட்கார்ந்த தன்னார்வலர்கள் செய்த வேலை அது.

பதிவேற்றும் வேலையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சர்வர் சுற்றுவதும், சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஏற்றுவதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒன்று மட்டும். நேரம் இல்லாதபோது எழுதும் கணக்கு பொய்யாகிறது. கடைசி நாளில் முப்பது பிள்ளைக்கும் 'பி' என்று தட்டிவிட்டு எழுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். யாராலும் அதைத்தான் செய்ய முடியும். அந்த எண்ணை வைத்தே பள்ளியைத் தரம் பிரித்தால் நிலைமை இன்னும் கெடும். 1976இலேயே அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் எச்சரித்தது இதைத்தான்: ஒரு அளவுகோலை முடிவெடுக்கப் பயன்படுத்தப் பயன்படுத்த, அது வளைந்துகொண்டே போகும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் பிள்ளைகளின் விடைத்தாளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியது 2011இல் வெளிவந்தது. 178 பேர் பெயர் அந்த விசாரணை அறிக்கையில் இருந்தது.

தகவல் பாதுகாப்பு பற்றித் தலைமையாசிரியை கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. கல்விக்காகப் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அமெரிக்காவில் 2013இல் இன்புளூம் என்ற அமைப்பு 10 கோடி டாலர் நிதியோடு மாணவர் தகவல்களை ஒரே இடத்தில் சேர்க்கத் தொடங்கியது. 2014 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்தார்கள். தகவல் எதுவும் திருடுபோகவில்லை. தங்கள் பிள்ளையின் குறைகள் எத்தனை காலத்துக்கு யாரிடம் இருக்கும் என்று பெற்றோர்கள் கேட்ட கேள்விக்கு நம்பும்படியான பதில் கிடைக்கவில்லை. நம் ஊரில் பிள்ளையைச் சேர்க்கும்போது நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். எட்டு வயதில் போட்ட சிவப்புப் புள்ளி பதினெட்டு வயதில் எங்கே இருக்கும் என்று விற்பனையாளரிடம் கேட்டேன். "கிளவுட்ல சார்" என்றார்.

நன்கொடையாளர் விஷயமும் ஒன்று இருக்கிறது. கல்விக்குக் கொடுப்பதில் இந்தப் பக்கம் யாருக்கும் குறைந்ததில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் காரைக்குடியில் திறந்தது. ஆனால் கொடுப்பவருக்குக் கண்ணுக்குத் தெரியும் பொருள் வேண்டும். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதி, வெளிச்சத்தைப் பாதி மறைப்பது மாதிரி, டேப்லெட்டின் முதுகில் பெயர் ஒட்டலாம். திங்கட்கிழமை முதல் பீரியடில் எட்டுப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆளின் முதுகில் ஒட்ட முடியாது. சிங்கப்பூர்க்காரரிடம் இதை நாசூக்காகத்தான் சொன்னோம். அவர் சிரித்தார். பத்து டேப்லெட்டை ஆறாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் பக்கத்துத் தெருவில் இருக்கும் பி.எட். முடித்த பெண் ஒருவரைக் காலை இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்த ஒப்புக்கொண்டார்.

அப்புறம் மென்பொருள்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். வண்ணப் படம், சதவீதம், ரேங்க் எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு ஏ4 தாள் வர வேண்டும். அதில் தவறின் வகை தலைப்பாக இருக்க வேண்டும், அதன் கீழே பிள்ளைகளின் பெயர். 'கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறப்பவர்கள்' என்று ஒரு தலைப்பு, கீழே ஐந்து பேர். 'ணகர னகரம் மாற்றி எழுதுபவர்கள்', கீழே பதினோரு பேர். வினாத்தொகுப்பில் கணக்குப் பகுதியை நான்காம் வகுப்பு ஆசிரியையே மாற்றி எழுதினார், தன் பிள்ளைகள் உண்மையிலேயே போடும் தவறுகளை வைத்து. அதற்கு மூன்று சனிக்கிழமை ஆனது.

இப்போது தாள் வந்துகொண்டிருக்கிறது. வந்ததும் ஆசிரியை முதலில் செய்வது, சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு மூன்று பெயரை அடிப்பது. "இவனுக்குத் தெரியும் சார், அன்னைக்குக் காய்ச்சல்." "இவ பக்கத்துப் புள்ளையப் பாத்துத் தொட்டுட்டா." சில நேரம் தாளில் இல்லாத ஒரு பெயரை அவரே எழுதிச் சேர்ப்பார். அடித்ததையும் சேர்த்ததையும் திரும்ப உள்ளே ஏற்ற மென்பொருளில் இடம் இல்லை. கேட்டதற்கு, அடுத்த பதிப்பில் வரும் என்றிருக்கிறார்கள். அதுவரைக்கும் சிவப்பு அடித்த தாள்களைத் தேதி போட்டு பீரோவில் வைத்து வருகிறார்.